நின்ற படகுக்கு விற்ற பீர்

இங்கிலாந்தின் கால்வாய்க்கரை பப் என்றதும் சுற்றுலாப் படங்கள் காட்டுவது ஒரே காட்சியைத்தான்: தாழ்ந்த உத்தரம், எரியும் கணப்பு, வாசலில் பூந்தொட்டி, எதிரே வண்ணம் பூசிய ஒடுங்கிய படகு, யார் நுழைந்தாலும் முகம் மலரும் கடைக்காரர். இருநூறு ஆண்டுகளாக எல்லாம் இப்படியே இருந்துவந்தது என்று வாசற்பலகைகளும் சொல்லும். கட்டடங்கள் பலவும் பழையவைதான். அந்த வரவேற்பும் பழையதுதான், ஆனால் அது பிறந்த விதம் வேறு. கிராமத்தாரின் விருந்தோம்பும் குணத்திலிருந்து அது வரவில்லை. சரக்குப் படகுகள் தாமே விரும்பாமல் நின்றாக வேண்டிய இடங்கள் சில இருந்தன. அங்கே வீணாகிய நேரத்தைக் காசாக்கத் தெரிந்தவர்கள் வளர்த்த தொழில் அது. நம் ஊர்ச் சத்திரம் அறத்துக்காகக் கட்டப்பட்டது, வழிப்போக்கனிடம் கை நீட்டாதது. கால்வாய்க்கரை பப் முதல் நாளிலிருந்தே கல்லாப்பெட்டியோடு பிறந்தது. இதைச் சொல்வது அதன் பெருமையைக் குறைப்பதற்காக அல்ல. காசுக்காகப் பிறந்த வரவேற்பு எப்படி உண்மையானதாகவும் இருந்தது என்பதே இங்கே கேள்வி.

பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் சுரங்கத்து நிலக்கரி 1761இல் வொர்ஸ்லியிலிருந்து கால்வாய் வழியாக நகரத்தை நோக்கி வந்தபோது, மான்செஸ்டரில் கரியின் விலை பாதியாகக் குறைந்தது. ஜேம்ஸ் பிரிண்ட்லி போன்ற பொறியாளர்கள் அடுத்தடுத்துக் கால்வாய்களை வெட்டினார்கள். ஏழு அடி அகலமும் எழுபது அடி நீளமுமாக ஒரு படகு. அதில் இருபத்தைந்து டன் சரக்கு. இழுக்க ஒரே ஒரு குதிரை. கணக்கு அபாரமானது, ஆனால் குதிரை நடக்கிற வேகத்தில்தான் எல்லாம் நகரும். மேட்டுக்கு ஏறவும் பள்ளத்துக்கு இறங்கவும் லாக் என்னும் இரட்டைக் கதவு மதகுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நீர் நிரம்பவோ வடியவோ நிற்க வேண்டும், முன்னால் நாலு படகு இருந்தால் இன்னும் நிற்க வேண்டும். சுங்கத்துக்காகச் சரக்கை அளப்பார்கள். கோடையில் நீர் வற்றும், பனிக்காலத்தில் உறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவில் குதிரைக்குக் கூரையும் தீவனமும் வேண்டும். படகில் அதற்கு இடமில்லை. எனவே கரையில் யாரிடம் லாயம் இருந்ததோ அவர் வாசலில் படகு நின்றது. பப்பின் முதல் வாடிக்கையாளர் மனிதனல்ல, குதிரை என்றுகூடச் சொல்லலாம். இரவும் பகலும் ஓடிய ஃப்ளை போட் என்னும் விரைவுப் படகுகள் நிற்காதவை. அவற்றுக்கும் வழியில் குதிரை மாற்ற லாயங்கள் வேண்டியிருந்தன.

இதற்குச் சான்று கட்டடங்கள் இருக்கும் இடமே. நார்த்தாம்ப்டன்ஷயரின் ஸ்டோக் புரூர்ன் கிராமத்தில் ஏழு லாக்குகள் ஏறிய பிறகு, சிறிது தூரத்தில் 1805இல் திறந்த பிளிஸ்வொர்த் சுரங்கப்பாதை வரும். நீளம் 3,076 கஜம். உள்ளே குதிரை நடக்க இழுபாதை கிடையாது. குதிரையை அவிழ்த்து மலைமேல் நடத்திச் செல்ல, ஆட்கள் படகின் இருபுறமும் பலகையில் படுத்துக்கொண்டு சுவரைக் காலால் உதைத்துத்தான் படகைத் தள்ளினார்கள். இந்த வேலைக்கென்றே கூலியாட்கள் அங்கே இருந்தார்கள். 1871இல் நீராவி இழுவைப் படகு வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. லாக் ஏறிய களைப்பு, சுரங்கத்துக்கான காத்திருப்பு, இரண்டும் சேரும் அந்த இடத்தில்தான் போட் இன் என்னும் பப் நிற்கிறது. 1877 முதல் நெடுங்காலம் ஒரே குடும்பத்தார் அதை நடத்தினார்கள். காவென்ட்ரிக்கு அருகே ஹாக்ஸ்பரி சந்திப்பு இன்னும் தெளிவான உதாரணம். காவென்ட்ரிக் கால்வாய்க் கம்பெனியும் ஆக்ஸ்போர்டு கம்பெனியும் சுங்கத் தகராறில் முறைத்துக்கொண்டு, 1803 வரை ஏறத்தாழ ஒரு மைல் தூரம் இரண்டு கால்வாய்களையும் பக்கம் பக்கமாகவே ஓடவிட்டன, அப்படியொரு வீம்பு. சமாதானமாகி இணைந்த இடத்தில் நீர்மட்ட வித்தியாசம் ஓரடிகூட இல்லாத ஒரு லாக். வார்விக்ஷயர்ச் சுரங்கங்களில் கரி ஏற்றுவதற்கான உத்தரவுக்காகப் படகுகள் அங்கே நாள்கணக்கில் கட்டிக் கிடந்தன. அந்தத் துறையைப் பார்த்தபடி கிரேஹவுண்ட் பப்.

காத்திருந்த நாளுக்குப் பெரும்பாலும் கூலி இல்லை. ஏற்றிய டன்னுக்குத்தான் பணம். கையில் காசில்லாமல் நிற்பவனுக்கு எதை விற்பது? கடன் கொடுத்துத்தான் விற்க வேண்டும். இங்கேதான் கால்வாய்க்கரை விடுதிக்காரரின் நிலை விசித்திரமானது. லண்டன் தேம்ஸ் துறைகளில் கப்பலிலிருந்து கரி இறக்கிய கூலிகளை யார் வேலைக்கு எடுப்பது என்பதே பப்காரர்கள் கையில் இருந்தது, குடித்தவனுக்கே வேலை. அந்தப் பிடியை உடைக்க 1843இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் போட வேண்டியதாயிற்று. கால்வாயில் அப்படிப் பிடி வைக்க வழியில்லை. வேலை கம்பெனி அலுவலகத்திலிருந்து வந்தது. வாடிக்கையாளரோ நாளைக்குக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார், அடுத்த லாக்கில் இன்னொரு பப் இருக்கும். 1830ஆம் ஆண்டு பீர்ச் சட்டம் வரி கட்டும் குடித்தனக்காரர் எவரும் இரண்டு கினி கொடுத்து உரிமம் பெற்றுப் பீர் விற்கலாம் என்று அனுமதித்த பிறகு போட்டி இன்னும் பெருகியது. மிரட்டிப் பிடித்து வைக்க முடியாத ஆளை உபசரித்துத்தான் திரும்ப வரவழைக்க முடியும். ஓடிப்போகக்கூடியவருக்குக் கடன் கொடுத்தவர், அவர் இதே வழியில் திரும்புவார் என்று நம்பியாக வேண்டும். முகமலர்ச்சியின் வேர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

படகுக்காரர்களை பப்புக்கு இழுத்தது வெறும் குடிப்பழக்கம்தானே, அதற்கு வரலாற்றுப் பூச்சு எதற்கு என்று கேட்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலரும் அப்படித்தான் கேட்டார்கள். 1839இல் பிக்ஃபோர்ட் என்னும் சரக்குக் கம்பெனியின் படகொன்றில் பயணம் செய்த கிறிஸ்டினா காலின்ஸ் ரக்லிக்கு அருகே கொல்லப்பட்டார், படகுக்காரர்கள் குடித்திருந்தார்கள், இருவர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ஒரு வழக்கு படகோட்டிகள் எல்லாரின் பெயரையும் நெடுங்காலம் கெடுத்தது. 1875இல் கோல்வில் ஊர்க்காரர் ஜார்ஜ் ஸ்மித் எழுதிய நூல் கால்வாய் மக்களின் நெரிசலையும் படிப்பின்மையையும் குடியையும் நாட்டுக்குச் சொன்னது. 1877இல் படகுகளைப் பதிவுசெய்யும் சட்டம் வந்தது. குடி இருந்தது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் குடி மட்டும்தான் இழுத்தது என்றால் குடியின் எதிரிகள் செய்த காரியத்துக்கு விளக்கம் கிடையாது. வால்சாலில் ஒரு லாக் வரிசையின் உச்சியில், படகுகள் தேங்குகிற சரியான இடம் பார்த்து, 1900இல் கிறிஸ்தவ மிஷன் ஒன்று படகோட்டிகளுக்கு ஓய்வில்லம் கட்டியது. சூடான பானம், கதகதப்பான கூடம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் படித்துச் சொல்லவும் எழுதித் தரவும் ஆள். பப்பை வெல்ல நினைத்தவர்கள் பீரை மட்டும் நீக்கிவிட்டு மற்ற எல்லாவற்றையும் கட்டினார்கள். படகுக்காரர்களுக்கு எது தேவைப்பட்டது என்பதற்கு எதிரி எழுதிக்கொடுத்த சாட்சி அது.

இன்னொரு மறுப்பும் உண்டு, இது கனமானது. மெலோடியன் என்னும் துருத்தி வாத்திய வாசிப்பு, மரத்தரையில் காலணி தட்டும் ஆட்டம், ஊர்விட்டு ஊர் சுற்றும் குடும்பங்கள் சந்தித்துப் பேசிய செய்திகள், இவையெல்லாம் விடுதிக்காரரின் லாபக்கணக்கில் அடங்குமா? அடங்காது. ஆனால் அந்தக் கதகதப்பைத் தந்தது யார் என்று பார்க்க வேண்டும். ரயில் போட்டியில் கூலி சரிந்த பிறகு, வாடகையையும் உதவியாள் சம்பளத்தையும் மிச்சப்படுத்தப் பலர் மனைவி மக்களைப் படகிலேயே குடிவைத்தார்கள். பத்தடி நீள அறையில் சமையல், தூக்கம், பிள்ளைப்பேறு எல்லாம். கரையில் வாழ்ந்தவர்கள் அவர்களை அழுக்கர்கள் என்று ஒதுக்கினார்கள். பத்துப் பேர் சேர்ந்து உட்காரக்கூடிய கூரை வேறெங்கே அவர்களுக்குத் திறந்திருந்தது? விடுதிக்காரர் விற்றது ஓர் அறையை. அதை வீடாக்கியது படகுக்காரர்களே. அந்த அறையும் எல்லாருக்கும் அல்ல. 1908ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை மதுக்கூடத்துக்குள் விடக்கூடாது என்றது, எனவே பிள்ளைகள் படகிலோ வாசலிலோ இருந்தார்கள். ‘எல்லாரையும் வரவேற்ற பழங்கால பப்’ என்பதை இந்த அளவோடு எடுத்துக்கொள்வது நல்லது.

1910களிலிருந்து மோட்டார்ப் படகு பரவியதும் லாயம் காலியானது. லாரி மிச்சத்தையும் தின்றது. 1962-63 குளிரில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடக்க, கால்வாய்களை நிர்வகித்த அரசு வாரியம் தன் ஒடுங்கிய படகுகளில் பெரும்பாலானவற்றின் சரக்குத் தொழிலை நிறுத்தியது. ஆதர்ஸ்டனிலிருந்து சவுத்தாலின் ஜாம் ஆலைக்குக் கரி கொண்டுபோன தொடர் ஓட்டம் 1970 அக்டோபரில் முடிந்தது. இதற்குள் கால்வாய் வாழ்க்கையைப் பற்றிய எல்.டி.சி. ரோல்ட்டின் நூல் 1944இல் வெளியாகி, 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்து, 1968 போக்குவரத்துச் சட்டம் உல்லாசப் படகுக்கென்றே பல கால்வாய்களை ஒதுக்கியிருந்தது. இப்போது நிற்பது கட்டாயமல்ல, பொழுதுபோக்கு. செஷயரின் ஆட்லம் ஊரில் ஃப்ளை போட்டின் பெயரைத் தாங்கிய ஷ்ராப்பி ஃப்ளை பப், 1970கள் வரை சரக்குக் கிடங்கு! நிற்காமல் ஓடியதற்கே பேர்போன படகின் பெயரில் நின்று குடிக்க ஓரிடம். இதைப் போலி என்று சிலர் சிரிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டடம் இடிபடாமல் பிழைத்தது, கால்வாயில் நீரும் நிற்கிறது. இரண்டுக்கும் இந்தப் புது வாடிக்கையாளரின் காசு உதவியது. ஆனால் அவர்களில் பலர் வருவது காரில். படகில் வருபவரோ வீடென்று ஒன்று வேறெங்கோ வைத்திருக்கிற விடுமுறைக்காரர். பழைய படகுக் குடும்பத்தின் இடத்தில் இன்று இருப்பவர்கள் வீட்டு வாடகை கட்ட முடியாமல் படகிலேயே வாழ்கிறவர்கள், லண்டனில் குறிப்பாக. நிரந்தரத் துறை இல்லாதவர் ஓரிடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் கட்டி நிற்கக் கூடாது என்கிறது 1995ஆம் ஆண்டுச் சட்டம். குடிநீர்க் குழாய், குப்பை போட இடம், கட்டிக்கொள்ள ஒரு வளையம், இவையே அவர்களுடைய அன்றாடத் தேவை. அவற்றைத் தன் கரையில் வைத்திருக்கும் பப் எது, தோட்டத்து மேசைகளை மட்டும் வைத்திருக்கும் பப் எது என்று பார்த்தால், வாசற்பலகையில் எழுதியுள்ள ‘பாரம்பரியம்’ எதற்குப் பொருந்தும் என்பது தெரியும்.