திண்டுக்கல் புகையிலையும் மெண்டல் கணக்கும்

'திருச்சிராப்பள்ளிச் சுருட்டு' என்று லண்டனில் பெயர் வாங்கிய சரக்குக்கு இலை கொடுத்தது பெரும்பாலும் திண்டுக்கல் சமவெளி. அந்த இலையைத் தரும் புகையிலையில் பெற்றோரின் பண்பு பிள்ளைச் செடிக்கு எப்படிப் போகிறது என்ற ஆராய்ச்சி மெண்டலுக்கும் மூத்தது. 1760இல் ஜெர்மானியரான கோல்ராய்ட்டர் இரண்டு புகையிலை இனங்களைக் கலந்தார். பிறந்த செடி இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருந்தது, மலடாகவும் போனது. அவர் பார்த்தார், எண்ணவில்லை. எண்ணியவர் மெண்டல். 1866இல் அச்சான அவர் கட்டுரையில், கலப்பின் இரண்டாம் தலைமுறைப் பட்டாணி விதை 5,474 உருண்டை, 1,850 சுருங்கல், ஏறக்குறைய 3:1.

இந்தியாவில் புகையிலையின் மரபாராய்ச்சி பிகாரின் பூசாவில் தொடங்கியது. அங்கிருந்த தாவரவியலாளர்களான ஹோவர்டு தம்பதியர் 1910இல் நம் நாட்டுப் புகையிலையின் முக்கிய இனமான டபாக்கத்தை 51 வகைகளாகப் பிரித்தனர். 1913இல் கேப்ரியல் ஹோவர்டு அதன் மரபுப் பண்புகளைப் பற்றித் தனி ஆய்வு வெளியிட்டார். திண்டுக்கல்லுக்கு வடக்கே வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் வந்தது 1948இல். அபிராமி என்பது இப்பகுதிக்கான மெல்லும் புகையிலை ரகம். திண்டுக்கல் கோயில் அம்மன் பெயரும் அதுவே.

பட்டாணிக் கணக்கு புகையிலையில் அப்படியே செல்லாது. இரண்டு காட்டினங்கள் சேர்ந்து உருவான செடி என்பதால், ஒரே வேலைக்கு இரண்டு மரபணுக்கள் இருப்பதுண்டு. பர்லி வகையின் வெளிறிய தண்டு இரண்டும் ஒடுங்கு நிலையில் இருந்தால்தான் தெரியும்: இரண்டாம் தலைமுறையில் கால் பெருக்கல் கால், பதினாறில் ஒன்று. அதற்காக 16 நாற்று நட்டால் போதும் என்று நினைக்கக்கூடாது. ஒன்றுகூட வராமல் போக 36 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 95 விழுக்காடு உறுதி வேண்டுமானால் 47 நட வேண்டும். ஒரு கிராமில் பத்தாயிரம் விதைக்குக் குறையாத பயிருக்கு இது பெரிய செலவல்ல.

ஒற்றை மரபணுவின் பெரிய வெற்றி தேமல் நோய் எதிர்ப்பு. அமெரிக்காவின் ஹோம்ஸ் 1938இல், காட்டுப் புகையிலையிலிருந்து கலப்பின் வழியே வந்த அந்த எதிர்ப்பு ஓங்கு பண்பு என்று காட்டினார். இலையின் அகலம், எண்ணிக்கை போன்ற சரக்கின் எடையை முடிவு செய்யும் பண்புகளோ பல மரபணுக்கள் கூடிச் செய்பவை. அங்கே 3:1 உதவாது.

மிக எளிதாகக் கணிக்கக்கூடியது பூவின் நிறம். பல கலப்புகளில் இளஞ்சிவப்பு வெள்ளையை மறைத்து, அடுத்த தலைமுறையில் மூன்றுக்கு ஒன்றாகப் பிரியும். ஆனால் விதைக்கு விட்ட சில செடிகள் தவிர, இலை தடிக்க வேண்டும் என்று பூக்கும் முன்பே கொழுந்தைக் கிள்ளிவிடுகிறார் விவசாயி.