கடைசி ரீலுக்கு யார் காசு?

சுயாதீனப் படம் எடுக்கப் பணம் கிடைக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். குறும்படம் ஒன்றைச் சுட்டு முடிக்கிற அளவுக்கு எப்படியோ காசு புரண்டுவிடுகிறது. நண்பரின் கேமரா, சாச்சி வீட்டு மொட்டை மாடி, சம்பளம் வாங்காமல் நடிக்கிற பக்கத்துத் தெருப் பிள்ளைகள் என்று ஐந்தாறு நாளில் படப்பிடிப்பு முடிந்துவிடும். படம் சாகத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். எடிட்டிங், டப்பிங், ஒலிக்கலவை, கலர் கரெக்‌ஷன், சப்டைட்டில், திரைப்பட விழாக்களுக்கான விண்ணப்பக் கட்டணம். இவை எதையும் மொட்டை மாடியில் வைத்துச் செய்ய முடியாது. ஸ்டூடியோ மணிக்கணக்குப் பார்த்துக் காசு கேட்கும். நம் பிள்ளைகள் எடுத்த எத்தனையோ படங்கள் இன்றும் ஹார்டு டிஸ்க்குகளில் தூங்குகின்றன.

நம் வட்டத்தில் ஒரு இஸ்லாமியத் தங்கையின் குறும்படம் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. வயதுக்கு வந்ததும் பள்ளி நிறுத்தப்பட்ட பதிமூன்று வயதுப் பெண்ணின் கதை. முடிப்பதற்குப் பணம் தர ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்தது. ஆனால் கடைசிக் காட்சியில் அந்தப் பெண் 1098க்குப் போன் செய்ய வேண்டும், அதிகாரிகள் வந்து மீட்க வேண்டும் என்றார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரும் தருவதாகச் சொன்னார். நாடு இருக்கிற நிலையில் நம் வீட்டுக் குறையை நாமே காட்டலாமா, பள்ளியை நிறுத்தியது வாப்பா என்று வராமல் வறுமை என்று வரட்டுமே என்றார். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டு பேரும் கேட்டது ஒன்றைத்தான்: முடிவை எங்களிடம் கொடு.

இது நேற்று தொடங்கிய சங்கதி அல்ல. கடைசிப் பணம் தருகிறவர் கடைசிக் காட்சியையும் கேட்பது இந்தியச் சுயாதீன சினிமாவின் முதல் பெரிய படத்திலேயே நடந்திருக்கிறது.

சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கியது 1952இல். கையிலிருந்த பணம் தீர்ந்தது, இசைத்தட்டுகளை விற்றார், மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக்குப் போயின, படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றது. கடைசியில் மேற்கு வங்க முதல்வர் பிதான் சந்திர ராயின் தயவில் அரசுப் பணம் வந்தது. பெயரில் 'பாதை' இருந்ததாலோ என்னவோ, சாலை மேம்பாட்டுக் கணக்கில் அது எழுதப்பட்டது. இந்தக் கதையைச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்புக்குப் பின்னால் இருப்பதைச் சொல்வது குறைவு. அரசுத் தரப்பு முடிவை மாற்றச் சொன்னது. குடும்பம் ஊரை விட்டுப் போகக் கூடாதாம், கிராம முன்னேற்றத் திட்டத்தோடு படம் நிறைவாக வேண்டுமாம். ராய் மாற்றவில்லை. 1955இல் படம் வந்தது, வருமானம் அரசுக்குப் போனது. அதுவும் ஒரு சிறுமியின் கதைதான். துர்கா ஏழைதான், ஆனாலும் பிராமண வீட்டுப் பெண். இயக்குநரும் கல்கத்தாவின் பெயர் பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். முதல்வர் வரை போய்ப் பேச ஆள் இருந்தது. மறுத்த பிறகும் படம் நின்றது. நம் தங்கைகள் மறுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மக்களிடமே வாங்கலாமே என்ற யோசனைக்கும் வயதாகிவிட்டது. 1976இல் ஷியாம் பெனகல் எடுத்த 'மந்தன்' குஜராத் பால் கூட்டுறவுச் சங்கங்களின் ஐந்து லட்சம் உறுப்பினர்கள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்ததில் உருவானது. மொத்தம் பத்து லட்சம் ரூபாய். படம் வெளிவந்ததும் அதே மக்கள் லாரி லாரியாக வந்து பார்த்தார்கள், தயாரிப்பாளர்கள் அவர்கள்தானே! இதைக் கூட்டுநிதி சினிமாவின் பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இரண்டு ரூபாய் கொடுத்தவருக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்தது. தினமும் காலையும் மாலையும் பால் ஊற்ற வருகிற வரிசை இருந்தது. பால் காசில் இரண்டு ரூபாயைக் குறைத்துப் பெற்றுக்கொண்டால் போதும், தனியாக உண்டியல் தூக்க வேண்டியதில்லை. படத்துக்குள்ளே கூட்டுறவுத் தேர்தலில் ஊர்த் தலைவரை எதிர்த்துத் தலித்துகள் நிற்பதும் வெல்வதும் வருகிறது. நஸீருதீன் ஷா நடித்த போலாவை மறக்க முடியாது. சங்கத்தின் பணத்தில் எடுத்த படம் சங்கத்துக்குள் இருக்கும் சாதியைப் பேசியது என்பதற்காகவே 'மந்தன்' மேல் நமக்கு மரியாதை உண்டு.

கேரளத்தில் இதையே இன்னும் கீழிருந்து செய்து பார்த்தவர் ஜான் ஆபிரகாம். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்தவர் அவர்தான். தேசிய விருது பெற்ற அந்தப் படத்தைத் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்து, எதிர்ப்புக்குப் பயந்து பின்வாங்கியது. முதலாளிகளும் விநியோகஸ்தர்களும் வேண்டாம் என்று 1984இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு ஒடேஸா கூட்டமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டினார்கள், பார்த்தவர்களிடம் முடிந்ததை வாங்கினார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில் 'அம்ம அறியான்' 1986இல் வந்தது. டிக்கெட் இல்லாமல் அதையும் ஊர் ஊராகக் காட்டினார்கள். மறுவருடம் ஜான் இறந்துபோனார்.

ஒடேஸாவை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அந்தப் படத்தில் பயணம் போகிறவர்கள் ஆண்கள். ஒரு இளைஞனின் சாவை அவன் தாயிடம் சொல்ல வயநாட்டிலிருந்து கொச்சிக்கு ஆண்களின் கூட்டம் வளர்ந்துகொண்டே போகிறது. பெண்கள் வாசலில் நிற்கும் அம்மாக்கள். இரவில் தெருமுனையில் திரை கட்டி, துண்டு ஏந்திக் காசு வாங்குவது ஆண்களுக்குத்தான் வாய்க்கிற வேலை. மக்கள் நிதி என்கிறோம். அந்த மக்களில், கையில் சொந்தமாகப் பத்து ரூபாய் இல்லாத, இரவுக் காட்சிக்கு வர முடியாத பெண்பிள்ளை எங்கே?

தமிழில் அந்தப் பெண்பிள்ளையின் கதை நமக்கு எழுத்து வழியாகத்தான் வந்தது. துவரங்குறிச்சியில் 1968இல் பிறந்த சல்மா, பள்ளியில் படிக்கும்போது தோழிகளோடு ஊர்த் தியேட்டருக்குப் போனார். அன்று அங்கே ஓடியது பெரியவர்களுக்கான மலையாளப் படம். அத்தோடு பள்ளி முடிந்தது. அதே தியேட்டரில் உட்கார்ந்திருந்த பையன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதின்மூன்று வயதுக்குப் பிறகு வீடு, பின்பு திருமணம், மறைத்து மறைத்து எழுதிய கவிதைகள், தன்னை மறைத்துக்கொள்ள ஒரு புனைபெயர். 2000இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்', 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்தன. அவர் வாழ்க்கை 2013இல் ஆவணப்படமானது. எடுத்தவர் கிம் லாங்கினாட்டோ என்ற பிரிட்டிஷ் பெண் இயக்குநர். நல்ல படம். ஆனால் துவரங்குறிச்சிச் சிறுமியின் கதைக்குப் பணம் லண்டன் பக்கமிருந்து வர வேண்டியிருந்ததே என்பது நம்மை உறுத்தாமல் இல்லை. இங்கே இருந்த பெரிய பணம் முஸ்லிம் பெண்ணை வேறு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது. 'பம்பாய்' (1995) படத்தில் காற்றில் முகத்திரை விலகி, கதாநாயகன் பார்க்கிற கணத்தில்தான் ஷைலா பானுவின் கதையே தொடங்குகிறது. அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு பிள்ளைப் பருவம் இருந்ததா என்று கேட்க யாருமில்லை.

கடலுக்கு அப்பாலும் இதே இழுபறிதான். சவுதி அரேபியாவில் திரையரங்குகளே இல்லாத காலத்தில் ஹைஃபா அல் மன்சூர் 'வஜ்தா'வை (2012) எடுத்தார். பணம் தேடவே ஐந்து வருடம் போனது. ஜெர்மன் தயாரிப்பு நிறுவனமும் சவுதி இளவரசர் ஒருவரின் ரொட்டானா நிறுவனமும் சேர்ந்த பிறகுதான் படம் நகர்ந்தது. ரியாத் தெருவில் ஆண்களோடு நின்று வேலை வாங்க முடியாததால் வேனுக்குள் உட்கார்ந்து வாக்கிடாக்கியில் இயக்கினார். இந்தப் படத்தின் கதையே பணம் சேர்க்கும் கதைதான். சைக்கிள் வாங்க ஆசைப்படும் சிறுமி, பரிசுப் பணத்துக்காகக் குர்ஆன் ஓதும் போட்டியில் சேர்கிறாள். ஜெயிக்கவும் செய்கிறாள். காசை என்ன செய்வாய் என்று மேடையில் கேட்கிறார்கள். சைக்கிள் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறாள். தலைமையாசிரியை அந்தப் பணத்தைப் பாலஸ்தீனத்துக்கு அவளே நன்கொடை தந்ததாக அறிவித்துவிடுகிறார். பாலஸ்தீனம் பெரிய விஷயம், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அது அவள் ஜெயித்த காசு. பெரிய நியாயத்தைக் காட்டிச் சின்னப் பெண்ணின் கையிலிருந்து பிடுங்குவதை இவ்வளவு நறுக்கென்று வேறு படத்தில் நாம் பார்த்ததில்லை. இயக்கங்களில் இருக்கும் நமக்கெல்லாம் அந்தக் காட்சி கொஞ்சம் சுடும்.

நம் பக்கத்தில் 2019இல் வந்த லீனா மணிமேகலையின் 'மாடத்தி' பலரிடம் திரட்டிய பணத்தில் முடிந்த படம். கண்ணில் படவே கூடாது என்று விதிக்கப்பட்ட புதிரை வண்ணார் குடும்பத்துச் சிறுமியின் கதை. யாருடைய கதையை யார் எடுப்பது என்ற விவாதம் நமக்குள் இருக்கிறது, அது நடக்கட்டும். அப்படியொரு படத்தை முடிக்கச் சந்தை வராது, சிறுகச் சிறுகத்தான் சேர்க்க வேண்டும் என்பதை அது காட்டியது.

அரசு தரலாமே என்று கேட்பவர்களுக்குக் கேரளத்தைக் காட்டலாம். அங்கே திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கும், பட்டியலின, பழங்குடி இயக்குநர்களுக்கும் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை தருகிறது. 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த திரைக் கொள்கை மாநாட்டில் அடூர் கோபாலகிருஷ்ணன் எழுந்து, அது அதிகம், ஐம்பது லட்சமாகப் பிரித்துக் கொடுங்கள், முதலில் பயிற்சி கொடுங்கள் என்றார். பாடகி புஷ்பவதி அங்கேயே எதிர்த்துக் குரல் கொடுத்தார். வரிப் பணத்தைக்கூட யாரோ போட்ட பிச்சை மாதிரி பேசுகிறார்கள்.

அந்தப் பட்டியலினக் கதவும் நம் தங்கைகளில் ஒரு பகுதிக்குத் திறக்காது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். முஸ்லிமும் கிறித்தவரும் இன்றும் வெளியே. 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் சாதிக் கொடுமைக்கு எதிராக இஸ்லாத்துக்குப் போன குடும்பங்களைப் பற்றி நாடே பேசியது. பிரதமர் முதல் பத்திரிகைகள் வரை கவலைப்பட்டார்கள், கமிஷன்கள் வந்தன, தலைவர்கள் வந்தார்கள். வெள்ளிக்கிழமை ஒரு பெயரும் சனிக்கிழமை இன்னொரு பெயருமாகப் பள்ளிக்கூடம் போன பெண்பிள்ளைக்கு அது எப்படி இருந்தது என்று ஒருவரும் படம் எடுக்கவில்லை. இன்று அவள் மகள் எடுக்க நினைத்தால், தலித் நிதியில் அவள் தலித் இல்லை.

தங்கையின் படத்துக்கு வருவோம். வீட்டுக்குள் பள்ளி நிறுத்தப்பட்ட பெண்ணின் கதையில், அவளுடைய அக்கா ஹிஜாபோடு கல்லூரி வாசலில் திருப்பி அனுப்பப்படுகிற காட்சியும் இருக்கிறது. 2022இல் கர்நாடகத்தில் நடந்ததை நினைத்து எழுதியது. தொண்டு நிறுவனத்துக்கு அந்த அக்கா வேண்டாம், பெரியவருக்கு அந்தத் தங்கை வேண்டாம். இரண்டு பேரையும் வைத்துத்தான் படம் என்று அவள் நிற்கிறாள். வாசலை அடைத்தது வாப்பாவா அரசா என்பதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், படமே வேண்டாம் என்கிறாள்.

அதனால் சிறு தொகையாகவே சேர்க்கிறோம். அம்பேத்கர் படிப்பு வட்டங்களிலும், பெண்கள் சுயஉதவிக் குழுக் கூட்டங்களிலும், எடிட் செய்த பகுதியைப் பகலில் போட்டுக் காட்டுகிறோம். பகலில் என்பது முக்கியம். ஐம்பது, நூறு என்று எவ்வளவு தந்தாலும் நோட்டில் பெயர் எழுதி, எதற்குச் செலவானது என்று அடுத்த கூட்டத்தில் வாசிக்கிறோம். ஒலிக்கலவைக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. கலர் கரெக்‌ஷனும் சப்டைட்டிலும் பாக்கி. போன வாரக் கூட்டத்தில் இருபது ரூபாய் கொடுத்த ஒரு பாட்டி, முடிவில் அந்தப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவீர்களா என்று கேட்டார். அதை அவள்தான் சொல்ல வேண்டும் பாட்டி என்றோம். சரி, வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, இன்னொரு பத்து ரூபாயையும் எடுத்து நோட்டின் மேல் வைத்தார்.