மாதோட்டக் கரையும் தண்டநாயகர் புகழும்: பாண்டிய அகப்போர் பற்றிய ஒரு மறுநோக்கு

1

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரை அரியணையின் பொருட்டுப் பராக்கிரம பாண்டியனுக்கும் குலசேகர பாண்டியனுக்கும் இடையே மூண்ட போர், பாண்டிய நாட்டின் அகப்போராகவே தொடங்கிற்று. மிகக் குறுகிய காலத்தில் அது பொலன்னறுவை அரசையும் சோழப் பேரரசையும் தன்னுள் இழுத்துக்கொண்டது. பாக்கு நீரிணையின் இரு கரைகளும் போர்க்களமாயின. ஏறத்தாழ 1169 தொடக்கம் 1177 வரை நீடித்த இப்போரைப் பற்றி எழுதியோர் பலரும் ஒரு வினாவையே சுற்றிச் சுற்றி வந்துள்ளனர். இதிற் பங்குகொண்ட படைத்தலைவருள் மிகச் சிறந்தவன் யார் என்பதே அவ்வினா. சூளவம்சத்தைச் சான்றாகக் கொள்வோர் இலங்காபுரனை முன்னிறுத்துவர். சோழர் கல்வெட்டுகளைச் சான்றாகக் கொள்வோர் பல்லவராயரை முன்னிறுத்துவர். எவர் எந்தச் சான்றைக் கையில் எடுக்கின்றார் என்பதைப் பெரும்பாலும் அவரவர் பேசும் மொழியே தீர்மானித்துவிடுகின்றது என்பதும் மறைப்பதற்குரிய செய்தியன்று.

இவ்வினாவைப் பயனற்றதெனத் தள்ளிவிடுதல் எமது நோக்கமன்று. தலைவர்தம் திறமைக்கும் போரின் போக்குக்கும் தொடர்பு உண்டு. ஆயின் அத்திறமையை எந்தக் கரையில் நின்று, எந்த அளவுகோல் கொண்டு அளப்பது என்பது முதலில் தெளிவுபடுத்தப்படல் வேண்டும். அரசவைகளில் நின்று அளந்தது போதும். படைகள் கப்பலேறியதும் பின்னர்ப் பகைப்படை வந்து இறங்கியதுமாகிய மாதோட்டக் கரையில் நின்று இங்கு அளந்து பார்ப்போம்.

2

மாதோட்டம், மகாதித்தம், மாந்தை எனப் பலவாறு வழங்கும் அத்துறைமுகம் மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலக் கரையில், திருக்கேதீசுவரத்தை அடுத்து இருந்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது. சோழர் ஆட்சியில் இராசராசபுரம் எனப் பெயர் பெற்ற அந்நகரில், தாழி குமரன் என்னும் சோழநாட்டு அதிகாரி இராசராச ஈச்சரம் என்ற கோயிலை எடுப்பித்ததைக் கல்வெட்டுக் கூறுகின்றது. மன்னார்த் தீவின் வடமேற்கு முனைக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் மட்டுமே. ஆதலின், பொலன்னறுவையிலிருந்து பாண்டிய நாட்டுக்குப் படை அனுப்ப விரும்பும் எந்த வேந்தனுக்கும் மாதோட்டமே வாயிலாக அமைந்தது.

அவ்வாயில் அமைதியான வாயிலாக இருந்ததெனக் கருதிவிடல் ஆகாது. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) பதினாறாம் ஆட்சியாண்டளவில், அதாவது 1168ஐ ஒட்டி, மாதோட்டப் பகுதி மக்கள் அவனுக்கு எதிராகக் கிளர்ந்தனர் என்றும், அக்கிளர்ச்சி படை கொண்டு அடக்கப்பட்டது என்றும் சூளவம்சமே கூறுகின்றது. இலங்காபுரனின் படை அங்கு வந்து சேர்ந்தபோது, முந்திய அடக்குமுறையின் தழும்புகள் ஆறியிருக்க நியாயமில்லை. தண்டநாயகர் புகழ்பாடும் நூல்கள் இவ்விரு நிகழ்ச்சிகளையும் இணைத்து நோக்குவதில்லை. இணைத்து நோக்கினால், வெளிநாட்டுப் போருக்குரிய தளம் உள்நாட்டு ஒடுக்குமுறையின் மீதே எழுப்பப்பட்டது என்பது புலனாகும்.

3

இனி இலங்காபுரனின் செயல்களைக் காண்போம். மதுரையில் முற்றுகையிடப்பட்ட பராக்கிரம பாண்டியன் பொலன்னறுவையின் உதவியை நாடினான். படை புறப்படுமுன்னரே குலசேகரன் மதுரையைக் கைப்பற்றி அவனைக் கொன்றுவிட்டான். எனினும் கொல்லப்பட்டவனின் மரபினர்க்கு அரசை மீட்டுக் கொடுக்குமாறு பராக்கிரமபாகு ஆணையிட, இலங்காபுரன் மாதோட்டத்திலிருந்து கடல் கடந்தான். எதிரிகள் கரையில் நின்று அம்பு எய்ய, வீரர்கள் சிறு தோணிகளில் இறங்கித் தோற்காப்பு அணிந்து கரையேறினர். இராமேசுவரத்தைக் கைப்பற்றிய பின், தீவின் முனையிலுள்ள குந்துகாலில் மும்மதிலும் அகழியும் கொண்ட கோட்டை ஒன்று கட்டப்பட்டுப் பராக்கிரமபுரம் எனப் பெயரிடப்பட்டது. எதிர்ப்புள்ள கரையில் இறங்குதல், இறங்கிய இடத்தை அரண்செய்தல், கடல்வழித் தொடர்பைக் காத்தல் ஆகிய மூன்றையும் அவன் நிறைவேற்றினான் என்பதில் ஐயமில்லை. பின்னர்ச் சகத்விசயன் தலைமையில் துணைப்படையும் வந்து சேர்ந்தது. கொல்லப்பட்ட மன்னனின் மகன் வீரபாண்டியன் மதுரையில் முடிசூட்டப்பட்டான்.

சூளவம்சம் இத்துடன் வெற்றி முரசு கொட்டி நிறுத்திக்கொள்கின்றது. சோழர் படை வந்ததையும் அதனால் நேர்ந்த மாற்றத்தையும் அந்நூல் கூறாமல் விடுகின்றது. அம்மௌனத்தை வெளிப்படுத்துவன சோழநாட்டுக் கல்வெட்டுகளே. குலசேகரன் இரண்டாம் இராசாதிராசனிடம் அடைக்கலம் புகுந்தான். திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பிப் பல்லவராயன் படை நடத்தி ஈழப்படையை முறியடித்தான். இலங்காபுரன், சகத்விசயன் ஆகியோரின் தலைகள் மதுரைக் கோட்டை வாயிலில் ஆணியடிக்கப்பட்டன என்று, எட்டாம் ஆட்சியாண்டுக்குரிய பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டுக் கூறுகின்றது.

ஆயின் இவ்வெற்றியை எல்லாச் சோழநாட்டுச் சான்றுகளும் படைத்தலைவன் கணக்கிலேயே எழுதவில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு வேறொரு கதை சொல்கின்றது. ஈழப்படையின் முன்னேற்றம் கேட்டு அஞ்சிய எதிரிலிசோழச் சம்புவராயன், உமாபதிதேவர் என்னும் கௌடநாட்டுச் சிவாசாரியரை வேண்ட, அவர் 28 நாள் பூசை இயற்றினார். அதன் பயனாகவே இலங்காபுரித் தண்டநாயகன் முதலானோர் தோற்றோடினர். அதற்கு நன்றியாக ஆர்ப்பாக்கம் என்னும் ஊரே அவருக்கு வழங்கப்பட்டது. ஒரு கல்வெட்டில் தலைகள் வாயிலில் அறையப்படுகின்றன. மற்றதில் அதே தலைவர்கள் ஓடுகின்றனர். ஒன்றில் வெற்றி வாளால் வந்தது. மற்றதிற் பூசையால் வந்தது.

இம்முரண்பாட்டை எவ்வாறு விளங்கிக்கொள்வது? பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு, நோயுற்று இறந்த தலைவனின் குடும்பத்துக்கு வரியிலி நிலம் வழங்கிய ஆவணம். ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு, மதகுரு ஒருவருக்கு ஊர் வழங்கிய ஆவணம். சூளவம்சத்தின் இப்பகுதி, அரசனைக் காவியத் தலைவனாக்குவதற்கு எழுந்தது. அஃதாவது, வெற்றி யாருடையது என்ற கூற்று ஒவ்வொன்றின் பின்னும் நிலமோ புகழோ பெறும் ஒருவர் நிற்கின்றார். போர்த்திறன் பற்றிய சான்று என நாம் கருதுவது, உண்மையில் நிலவுடைமைச் சமுதாயத்தின் வெகுமதிப் பதிவேடேயாகும். இதே அரசனின் அரமணப் படையெடுப்பிலும் இந்நிலையைக் காணலாம். ஏறத்தாழ 1165இல் நடந்த அப்படையெடுப்பிற்குத் தமிழதிகாரி ஆதிச்சனைத் தலைவனாகச் சூளவம்சம் குறிக்கின்றது. தேவனகலக் கல்வெட்டோ, கித்தி நகரகிரி என்பானுக்கு அதன் பெருமையைச் சூட்டி நிலம் வழங்குகின்றது. சிங்கள வேந்தனின் கடற்படையில் தமிழதிகாரி ஒருவன் தலைமை தாங்கியமை, இப்போர்களை இனப்போர்களாகக் காண்போர் மறத்தற்கு விரும்பும் செய்தியாகும்.

4

மாதோட்டம் மீண்டும் வரலாற்றில் தோன்றுவது திருவாலங்காட்டுக் கல்வெட்டில். இராசாதிராசனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டுக்குரிய அக்கல்வெட்டு, பராக்கிரமபாகு மறுபடியெடுப்புக்கென ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வலிகாமம், மட்டிவாழ் ஆகிய இடங்களிற் படை திரட்டிக் கப்பல் கட்டிய செய்தியைத் தருகின்றது. அதனை அறிந்த அண்ணன் பல்லவராயன் மதுரைக் களத்தில் காத்திருக்கவில்லை. பராக்கிரமபாகுவின் மருமகனும் ஈழத்து அரியணைக்கு உரிமை கோரியவனுமாகிய சீவல்லபனைப் படையுடன் கடல் கடந்து அனுப்பினான். அவன் அவ்விடங்களை அழித்து, ஊர்களை எரித்து, யானைகளைக் கவர்ந்து சென்றான்.

போரியல் நோக்கில் மட்டும் மதிப்பிடின், இத்தொடர் போர்களிற் சிறந்த சிந்தனை இதுவேயென நாம் துணிந்து கூறலாம். இலங்காபுரன் கோட்டைகளைப் பிடித்தான். பிடித்த கோட்டைகள் மீண்டும் மீண்டும் கைமாறின. பெருமானம்பி படையை முறியடித்தான். ஆயின் புதிய படை வரும் வாயிலை அடைக்கவில்லை. அண்ணன் பல்லவராயனே எதிரியின் வலிமை மதுரையில் இல்லை, மாதோட்டத்துக் கப்பற் பட்டறையில் உள்ளது என்பதை உணர்ந்தான். பராக்கிரமபாகு பாண்டிய அகப்போரை எவ்வாறு பயன்படுத்தினானோ, அவ்வாறே அவன் ஈழத்து அரசுரிமைப் பிணக்கைத் திருப்பிப் பயன்படுத்தினான். சிறந்த தலைவன் யார் என்ற பழைய வினாவுக்கு விடை கூறியே ஆகவேண்டுமெனில், எமது விடை இதுவே.

5

ஆயின் இவ்விடை அளித்த கணமே, மாதோட்டக் கரையில் நிற்பவனுக்கு அதன் பொருள் தலைகீழாகின்றது. இப்போரின் மிகச் சிறந்த போர்த்தந்திரம் என்று நாம் மதித்தது, அவனுக்குத் தன் ஊர் எரிந்த நாள். அவன் சில ஆண்டுகளுக்கு முன் தன் சொந்த அரசனாலும் ஒடுக்கப்பட்டவன். அரமணப் படையெடுப்பின்போது கடற்கரை முழுவதும் ஒரே தொழிற்சாலை போன்று காட்சியளித்ததென்றும், ஓராண்டுக்குரிய உணவும் படைக்கலமும் மருந்தும் கப்பல்களில் ஏற்றப்பட்டனவென்றும் சூளவம்சம் வியக்கின்றது. பாண்டியப் போருக்கும் அத்தகைய உழைப்பே வேண்டியிருந்திருக்கும். மரம் தறித்தோர், பலகை இழைத்தோர், யானை பிணித்தோர், நெல் கொணர்ந்தோர் ஒருவர் பெயரும் எஞ்சவில்லை. கடலின் மறுகரையிற் பிடிபட்டோரின் நிலையும் இதுவே. இலங்காபுரனாற் சிறைப்பிடிக்கப்பட்ட தமிழர் அநுராதபுரத்து இரத்தினவாலுகத் தூபியைப் புதுப்பிக்கும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களும் எண்ணிக்கையின்றிப் பெயரின்றி மறைந்தனர்.

இத்துணைச் செலவிற் பெற்ற வெற்றியின் நிலைபேறு யாது? சோழர் அரியணையேற்றிய குலசேகரன், விரைவிற் பராக்கிரமபாகுவுடன் கைகோத்தான். உடனே அண்ணன் பல்லவராயன் அவனை அகற்றி, எந்த வீரபாண்டியனுக்கு எதிராகச் சோழர் போரிட்டனரோ அதே வீரபாண்டியனை மதுரையில் அமர்த்தினான். பின்னர் மூன்றாம் குலோத்துங்கன் அவ்வீரபாண்டியனையும் நீக்கி விக்கிரம பாண்டியனை ஆதரித்தான். இருபுறத்து வீரரும் யாருக்காக இறந்தனரோ அவர்கள் அணி மாறி நின்றனர். ஈழத்திலோ, பராக்கிரமபாகுவை அடுத்து வந்த இரண்டாம் விசயபாகு, முன்னவனாற் சிறையிடப்பட்டு வருந்திய மக்களை விடுவித்ததாகச் சூளவம்சமே கூறுகின்றது. நிசங்கமல்லன் தன் கல்வெட்டுகளில், முன்னைய வேந்தனின் கடுவரியால் நலிந்த மக்களுக்கு ஐந்தாண்டு வரி நீக்கம் அளித்ததாக உரைக்கின்றான். தண்டநாயகர் புகழுக்கு விலை கொடுத்தோர் யார் என்பதற்கு இவற்றினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை.

6

மாந்தை மேட்டில் 1980இல் தொடங்கிய அகழ்வாராய்ச்சி, சீன நாட்டிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த மட்பாண்டங்களை வெளிக்கொணர்ந்தது. பல்வேறு மக்கள் வணிகத்தால் இணைந்து வாழ்ந்த நகரொன்றின் சுவடுகள் அவை. அவ்வாராய்ச்சி 1984இற் போரினால் இடைநின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் போரை அறியவேண்டிய நிலத்தை இருபதாம் நூற்றாண்டுப் போர் மூடிவிட்டது.

2009இல் முடிவுற்ற அப்போருக்கும் இன்று தளபதிகளின் வரிசைப்பட்டியல்கள் எழுதப்படுகின்றன. எந்தத் தளபதி மன்னார் முனையைத் திறம்பட நடத்தினான் என்று இரு தரப்பிலும் வாதிக்கின்றனர். அவ்வாதங்களில் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களைக் காணோம். 2007, 2008ஆம் ஆண்டுகளில் இராணுவம் முன்னேற முன்னேற, மடு, அடம்பன், விடத்தல்தீவுப் பகுதிகளிலிருந்து வன்னியின் உட்பகுதிக்கு ஒதுங்கிய மக்களையும் காணோம். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சூளவம்சமும் மெய்க்கீர்த்திகளும் எழுதியவாறே நாமும் எழுதிக்கொண்டிருக்கின்றோம்.

வரலாற்று மாணவர் தண்டநாயகரை ஆராயவேண்டாம் என்று நாம் கூறவில்லை. இலங்காபுரனின் கரையிறக்கமும் அண்ணன் பல்லவராயனின் எதிர்த்தாக்குதலும் கற்றற்குரியனவே. ஆயின் ஒவ்வொரு வெற்றிக்கும் எதிரே, அதற்காக உழைத்தவர், அதனால் எரிந்த ஊர், அதன் பின் செலுத்திய வரி ஆகிய மூன்றையும் எழுதிய பின்னரே எவனையும் சிறந்தவன் எனல் வேண்டும். அக்கணக்கை எழுதப் புகுவோர் பொலன்னறுவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ தொடங்காமல் மாதோட்டத்திலிருந்து தொடங்குவாராக.