பஞ்சத்துக்காக வந்த ரயில்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்ரயில் ஓடத் தொடங்கிய வரலாற்றை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, அதே சென்னை மாகாணத்தில், தருமபுரிக்கு வந்து சேர்ந்த சிறு ரயிலைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

1876-78இல் நிகழ்ந்த தாது வருடப் பஞ்சம் சேலம் மாவட்டத்தை உலுக்கியது. சென்னையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதை 1860களின் தொடக்கத்திலேயே மொரப்பூரைத் தொட்டிருந்தது. ஆனால் அதற்கப்பால் உள்ள மானாவாரி ஊர்களுக்கு மாட்டுவண்டியே கதி. வறட்சியில் மாடுகளும் மடியும்போது, நிலையத்தில் வந்திறங்கிய தானியம் ஊர் போய்ச் சேர்வது எப்படி?

இக்கேள்விக்கு விடையாகப் பஞ்சப் பாதுகாப்புப் பாதைகள் அமைக்கப்பட்டன. மொரப்பூர்–தருமபுரி பாதை 1906இல் திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கிடையே 2 அடி 6 அங்குலமே கொண்ட குறுகிய பாதை அது. 1913இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1941இல் மூடப்பட்டது.

இரு பாதைகளின் விதியும் வேறானது ஏன்? தாம்பரம் ரயில் அலுவலகம் செல்வோரை நாள்தோறும் ஏற்றியது. அதை நம்பியே புறநகர்கள் எழுந்தன. தருமபுரி ரயிலோ கெட்ட ஆண்டை எண்ணிப் போடப்பட்டது. நல்ல ஆண்டுகளில் அதற்கான தேவை என்ன என்று நிறுவ, தினமும் அதில் ஏறி இறங்கும் பெருங்கூட்டம் இல்லை.

பின்னர் 1960களில் சேலம்–பெங்களூர் மீட்டர் பாதை வந்தது. 1990களில் அது அகலப்பாதையானது. நல்லம்பள்ளி வட்டத்துச் சிவாடி நிலையம் இப்பாதையில்தான் உள்ளது. நிர்வாகத்தில் தருமபுரி இன்று தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தைச் சேர்ந்தது. மொரப்பூருக்கு மீண்டும் பாதை அமைக்க 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

தானியத்தை எதிர்பார்த்திருந்த இம்மண், இப்போது பிழைப்புக்காகத் தன் மக்களை ஓசூருக்கும் பெங்களூருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. இழந்த பாதை திரும்புவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் தண்டவாளம் மட்டும் ஒரு பாதையைக் காப்பதில்லை என்பதை 1941 நமக்குச் சொல்கிறது. காலையில் வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்புகிறவர்களின் நேரத்துக்கு வண்டிகள் ஓடினால்தான் ரயில் ஊருடையதாகும். பஞ்சத்துக்கு அஞ்சிப் பாதை போட்ட அரசு அன்று இருந்தது. அன்றாடத்தை எண்ணி வண்டி விடும் அரசையே நாம் இன்று கேட்கிறோம்.