எருமைப் பாலைத் தூளாக்கிய கதை

என் பாட்டிக்கு எருமைப் பால் என்றாலே இளக்காரம். "குடிச்சா புத்தி மந்தமாயிடும்" என்பாள். காபிக்குப் பசும்பால்தான். எருமைப் பால் வந்தால் தோய்த்துத் தயிராக்கி வெண்ணெய் எடுப்பதோடு சரி. நம் அங்கத்தினர்கள் பலர் அகத்திலும் இதே வழக்கம் இருந்திருக்கும். 1970-களின் பிற்பகுதியில் உத்தியோக நிமித்தம் சில வருஷங்கள் குஜராத்தில் இருந்தேன். எருமைப் பாலை நம்பி ஒரு ஜில்லாவே தலைநிமிர்ந்ததை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஜில்லாவுக்கு அன்று கைரா என்று பெயர். அதிலுள்ள ஆனந்த் ஊரில் பால்சன் கம்பெனியின் வெண்ணெய்த் தொழிற்சாலை இருந்தது. (பால்சன் காபியும் வெண்ணெயும் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம்.) 1945-ல் பம்பாய் அரசு நகரத்துக்குப் பால் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, கைராவில் பால் கொள்முதல் செய்யும் உரிமை பால்சனுக்கே கிடைத்தது. நானூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போன பாலுக்குப் பம்பாயில் நல்ல விலை. கறந்தவனுக்கோ தரகர் வைத்ததே விலை. விவசாயிகள் சர்தார் படேலிடம் முறையிட்டார்கள். அவர் மொரார்ஜி தேசாயை அனுப்பிவைத்தார். 4-1-1946 அன்று சமர்கா கிராமத்தில் கூடி, இனி பால்சனுக்குப் பால் ஊற்றுவதில்லை என்று தீர்மானித்தார்கள். பதினைந்து நாள் பம்பாய்க்குப் பால் போகவில்லை. அரசு இறங்கி வந்தது. திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் கூட்டுறவுச் சங்கம் 14-12-1946-ல் பதிவாயிற்று. அதுவே பின்னாளைய அமுல்.

ஆனால் உண்மையான சோதனை அதற்கப்புறம்தான் வந்தது. எருமைகள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டிக் கன்று ஈனும். ஈன்று ஓரிரு மாதத்தில் கறவை உச்சத்துக்குப் போகும். ஆகவே குளிர்காலத்தில் பால் பெருகும், கோடையில் சுருங்கும். பம்பாய் தன் தேவைக்குமேல் எடுத்துக்கொள்ளாது. சரி, கறக்காமல் விடலாமே என்றால் முடியாது. ஒரு லிட்டர் பால் ஊற ஏறக்குறைய 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடி வழியே சுற்றி வருகிறது. அந்த ரத்தத்திலிருந்து வேண்டியதை எடுத்துப் பால் சுரப்பவை மடிக்குள் இருக்கும் நுண்ணிய பைகள். கறக்காமல் பால் தேங்கிவிட்டால் அவை சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். சில நாளில் மாடு வற்றிவிடும். குளிர்காலப் பாலுக்கு வழி காணாவிட்டால் சங்கம் நிலைக்காது.

ஒரே வழி, பால் தூள். அன்று உலகத்தில் அது பசும்பாலில்தான் தயாராயிற்று. எருமைப் பாலில் அது நடக்காது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சாதித்தார்கள். அவர்கள் பேச்சைச் சும்மா தள்ளிவிட முடியாது. பசும்பாலில் நூற்றுக்கு நான்கு பங்கு கொழுப்பு என்றால் எருமைப் பாலில் ஆறு முதல் எட்டு. கேசின் என்ற புரதமும் கால்சியமும்கூட அதிகம். சுண்டக் காய்ச்சும்போது சீக்கிரம் இறுகிவிடும். இயந்திரங்களோ பசும்பாலுக்கென்றே செய்யப்பட்டவை.

சங்கத்தின் மேலாளர் வர்கீஸ் குரியன். சென்னை லயோலாவில் பௌதிகமும் கிண்டியில் இன்ஜினீயரிங்கும் படித்தவர். 1949-ல் அரசு உத்தியோகத்தில் ஆனந்துக்கு வந்து சேர்ந்தவர், எப்போது விடுவிப்பார்கள் என்று மாதாமாதம் ராஜினாமாக் கடிதம் எழுதினாராம். அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு இதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். அமெரிக்காவில் தம்முடன் படித்த எச்.எம். தலாயாவை அவர் ஆனந்திலேயே தங்கவைத்தார். நடக்காது என்றதைத் தலாயா நடத்திக் காட்டினார். பெயின்ட் அடிக்கும் துப்பாக்கியால் பாலைப் பனிபோல் தூவி, சூடான காற்றைச் செலுத்தினார், தூள் உதிர்ந்தது. பெரிய ஆலையிலும் தத்துவம் இதுதான். கொழுப்பை எடுத்துவிட்டு, காற்றழுத்தம் குறைந்த கலத்தில் தாழ்ந்த சூட்டில் சுண்டவைத்து, வெப்பக் காற்று நிறைந்த கூண்டில் தூவினால் சில விநாடிகளில் ஈரம் போய்விடும். கொழுப்பு நீக்கிய பால் பத்து லிட்டர் போல இருந்தால் ஒரு கிலோ தூள்.

யுனிசெப் உதவியோடு எழுந்த ஆலையை 31-10-1955, சர்தார் பிறந்த நாளன்று நேரு திறந்துவைத்தார். எருமைப் பாலைத் தூளாக்கிய உலகின் முதல் ஆலை அது. எடுத்த கொழுப்பு வெண்ணெயாயிற்று. அதிலும் ஒரு வேடிக்கை. பால்சன் பாலேட்டைப் புளிக்கவைத்து, உப்பைத் தாராளமாகப் போட்டு வெண்ணெய் எடுப்பார்கள். அமுலோ புது ஏட்டில் எடுத்தது; பம்பாய்க்காரர்கள் சப்பென்றிருக்கிறது என்று ஒதுக்கினார்கள். பிறகு உப்பைக் கூட்டி, டையசெட்டில் என்ற மணப்பொருளும் சேர்த்தார்கள். இயல்பில் வெளுப்பான எருமை வெண்ணெய்க்கு மஞ்சள் நிறமும் ஊட்டினார்கள். எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையை மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்துக் கொடுத்தது. அப்போது அதன் இயக்குநர் நம் தமிழரான வி. சுப்பிரமணியன்.

ஆனந்துக்கு அருகே ஒரு கிராமச் சங்கத்தை ஒரு மாலையில் போய்ப் பார்த்தேன். பித்தளைப் பாத்திரங்களோடு பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்துக் கொழுப்பைச் சோதித்தார்கள். கொழுப்பு ஏற ஏற விலையும் ஏறும். என் முன்னால் நின்ற ஒரு மூதாட்டி, காலையில் ஊற்றிய பாலுக்கு உண்டான காசை வாங்கி இரண்டு முறை எண்ணிப் பார்த்து, புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாள்.