தடை உண்டானால் சொல்லலாம்

கல்யாணம் நிச்சயமான கிறிஸ்தவ வீட்டில் அடுத்த வேலை ஓலை கொடுப்பது. பனையோலை போய்க் காகிதம் வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் மணமக்கள் பெயரை மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பதற்கு ‘ஓலை வாசிப்பது’ என்றுதான் இன்றும் பேர். பெயர், ஊர், பெற்றோர் விவரமெல்லாம் வாசித்து முடித்ததும் அறிவிப்பு ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டா?

பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் எதுவெல்லாம் தடை என்ற வழக்கு மட்டும் தமிழ்க் கிறிஸ்தவத்தில் நானூறு ஆண்டுகளாக ஓயவில்லை. ஒருபால் திருமணத்தைச் சபை ஏற்கலாமா என்று இன்று எழுந்திருக்கும் பேச்சும் அந்த வழக்கின் ஒரு வாய்தாதான்.

வழக்கின் முதல் ஏடுகளில் சேலம் இருக்கிறது. இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி 1623இல் மதுரையிலிருந்து வடக்கே நடந்து, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். காவி உடுத்திய இத்தாலியருக்கு இங்கே தங்க இடம் கிடைப்பதே முதலில் பாடாக இருந்தது. அதே ஆண்டு ஜனவரியில்தான், குடுமியும் பூணூலும் சந்தனமும் மதமாறியவர்களுக்குத் தடையல்ல என்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி ஆணையிட்டிருந்தார். கிறிஸ்தவன் ஆவதற்கு ஊர் வழக்கத்தை விடவேண்டியதில்லை என்ற நொபிலியின் கட்சிக்குக் கிடைத்த வெற்றி அது.

வெற்றி நிலைக்கவில்லை. 1703இல் திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரி வந்திறங்கிய தூர்னோன், மறு ஆண்டே 16 அம்சங்கள் கொண்ட ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். அவற்றில் பல கல்யாண வீட்டைப் பற்றியவை. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. வேண்டுமானால் சிலுவையோ மாதாவின் உருவமோ இருக்கலாம். தாலிக் கயிற்றை 108 இழையாகத் திரித்து மஞ்சள் பூசக் கூடாது. பந்தலில் தேங்காய் உடைக்கக் கூடாது. கல்யாண வேட்டிக்குப் பேர்போன வெண்பட்டு நெய்கிற சேலத்தில், இழை எண்ணுவதே பிழைப்பாக இருக்கும் அம்மாபேட்டைக்காரருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். தூர்னோனுக்கு வேடிக்கையல்ல, இழையின் எண்ணிக்கையில் அவர் இன்னொரு தெய்வத்தைப் பார்த்தார். 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இந்தத் தடைகளை உறுதிசெய்தார். இங்கே வரும் குருக்கள் அவற்றுக்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்யவேண்டியிருந்தது. அந்தச் சத்தியத்தை ரோமாபுரி கைவிட்டது 1940இல்.

தாலி பிழைத்துக்கொண்டது. சிலுவையோ புறாவோ ஏறி, இன்று பீடத்தின் முன்னேயே மந்திரிக்கப்படுகிறது.

தாலியைவிடப் பெரிய சிக்கல், யாரை யார் கட்டலாம் என்பது. அக்காள் மகளுக்குத் தாய்மாமன் உரிமைக்காரன் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். ரோமாபுரியின் கணக்கில் அது ரத்த உறவுத் தடை. ஆனால் விலக்கு வாங்கலாம். வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஏராளம். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும் இதில் தலையிடவில்லை. அவரவர் சொந்தச் சட்டம் தடுக்கும் திருமணத்தை இந்தச் சட்டம் செல்லுபடியாக்காது என்று 88ஆம் பிரிவில் சொல்லி ஒதுங்கிக்கொண்டது. நெருங்கிய உறவுக்குள் மணந்த கத்தோலிக்கத் தம்பதி வழக்கில், திருச்சபை விலக்கு கொடுத்தால் தடை தடையல்ல என்பதை 1972இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

இங்கேதான் கதை இன்றைய வாதத்தைத் தொடுகிறது. ஒருபால் உறவை எதிர்ப்பவர்கள் முதலில் புரட்டுவது லேவியராகமம் 18ஆம் அதிகாரம். எந்த உறவுக்குள் கூடக் கூடாது என்ற பட்டியலும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. ஒரே பக்கத்தின் ஒரு பகுதியை ஊருக்குத் தக்கபடி வளைத்து வாசிக்கலாம், மறு பகுதியை வளைக்கவே கூடாது என்றால் எப்படி என்பது நியாயமான கேள்வி. திருச்சபைச் சட்டம் படித்தவர்களிடம் இதற்குப் பதில் உண்டு: உறவுத் தடை பெரும்பாலும் சபை விதித்தது, சபையே விலக்கலாம், ஆணும் பெண்ணும் என்பது படைப்பிலேயே வந்தது, அதில் கைவைக்கச் சபைக்கு அதிகாரமில்லை. பதில் வலுவானதுதான். ஆனால் எது சபையின் விதி, எது தெய்வத்தின் விதி என்ற கோடு அவ்வப்போது இடம் மாறியிருப்பதைத் தாலியின் வரலாறே காட்டுகிறது.

2009இல் தில்லி உயர் நீதிமன்றம், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைத் தளர்த்தியபோது இந்தியச் சபைகள் ஒரே குரலில் பேசவில்லை. கேரளத்தின் அப்போஸ்தலிக்கச் சபைகளின் கூட்டமைப்பும் ஒடிசாவின் உத்கல் கிறிஸ்தவ அமைப்பும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயின. இந்திய தேசியத் திருச்சபைகள் கவுன்சிலோ அதே ஆண்டு கொல்கத்தாவில் இறையியலாளர்களைக் கூட்டி, வெறுப்பை விட்டு வேதத்தை மறுபடி வாசிக்கச் சொன்னது. 2013இல் உச்ச நீதிமன்றம் பிரிவுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. திருமணத்தை ஏற்காவிட்டாலும் தன்பாலீர்ப்பாளரைத் திருச்சபை குற்றவாளிகளாக எண்ணியதில்லை என்று அப்போது சொன்னவர் மும்பையின் கர்தினால் ஆஸ்வால்ட் கிராசியஸ்.

தமிழ்நாட்டில் கதவு திருநங்கைகள் பக்கமாகத் திறந்தது. 2010களின் தொடக்கத்தில் பாரதி என்ற திருநங்கையை இந்திய சுவிசேஷத் திருச்சபை போதகராக ஏற்றது. இதில் மொழிபெயர்ப்பின் குறும்பு ஒன்றும் உண்டு. அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் பிலிப்புவிடம் ஞானஸ்நானம் பெறும் எத்தியோப்பியர் மூலத்தில் ஓர் அண்ணகர், அதாவது விதையடிக்கப்பட்டவர். பழைய தமிழ் வேதாகமத்தில் அவர் வெறும் ‘மந்திரி’. தான் ஞானஸ்நானம் பெற என்ன தடை என்று அவர் கேட்கும் கேள்வியின் பாதிக் கூர்மை அதில் போய்விட்டது.

திருமணம் என்று வரும்போது கதவு இன்னும் ஒருக்களித்தே இருக்கிறது. 1827இல் சேலம் வந்த லண்டன் மிஷனின் வாரிசான தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆங்கிலிக்கன் குடும்பத்தையும் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் ஆயர்கள் 1998இல் லாம்பெத் மாநாட்டில் ஒருபால் உறவு வேதத்துக்கு ஒவ்வாது என்று 526க்கு 70 என்ற கணக்கில் தீர்மானித்தார்கள். அதே குடும்பத்தின் அமெரிக்கச் சபை 2015இலும் ஸ்காட்லாந்தின் சபை 2017இலும் ஒருபால் தம்பதிகளுக்குப் பீடத்தைத் திறந்தன. 2023 அக்டோபர் 17இல் நம் உச்ச நீதிமன்றம், ஒருபால் திருமணம் நாடாளுமன்றத்தின் பாடு என்று கைவிரித்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சொல்லி, பெற்றோர் பிரித்துவைத்த ஒரு பெண்ணை அவருடைய தோழியோடு போக விட்டது.

வத்திக்கானும் கொஞ்சம் அசைந்தது. 2023 டிசம்பர் 18இல் வந்த ஆவணம், ஒருபால் இணையர் கேட்டு வந்தால் குரு ஆசீர்வதிக்கலாம் என்றது. சில நாளில் விளக்கமும் வந்தது: பத்துப் பதினைந்து நொடிக்குள் முடியும் ஆசீர்வாதம் அது. திருமணத்துக்குரிய சொற்கள் கூடாது, சடங்கு கூடாது, திருமண உடையும் கூடாது. கோயில் வாசலில் இருவர் ஆசீர்வாதம் கேட்டு நிற்கலாம். வெண்பட்டு வேட்டி மட்டும் மடிப்புக் கலையாமல் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கவேண்டும்.