ஹரிதாஸ் ஓடிக்கிட்டிருந்தது, பாகவதர் உள்ளே இருந்தார்

இந்த எபிசோட் ஒரு அமெரிக்க கோல்ஃப் வீரர்ல ஆரம்பிச்சு, நம்ம திருச்சிப் பக்கம் வந்து முடியும். கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

எனக்கு அரியலூர் பக்கம் ஒரு கிராமம். சுண்ணாம்புக்கல் லாரியும் கரிசல் காடும்தான் நாங்க பார்த்து வளர்ந்தது. கோல்ஃப் மைதானத்தை நேர்ல பார்த்ததே வேலைக்குப் போன பிறகுதான். ஆனா இன்ஜினியரிங் படிச்சப்ப, ஹாஸ்டல்ல ஒருத்தன் லேப்டாப்ல டைகர் வுட்ஸ் பேர்ல ஒரு கேம் இருந்துச்சு. அதுல பிடிச்ச பைத்தியம்தான், அவரோட பழைய ஆட்டம் எல்லாத்தையும் யூடியூப்ல தேடித் தேடிப் பார்த்தேன். 2008-க்குள்ள 14 மேஜர் பட்டம். 2009 நவம்பர்ல வீட்டு வாசல்லயே ஒரு கார் விபத்து. அதைத் தொடர்ந்து அவரோட கள்ள உறவுகள் எல்லாம் பத்திரிகைக்கு வந்துச்சு. குடும்பம் போச்சு, விளம்பரங்கள் போச்சு, அப்புறம் முதுகும் போச்சு. நான் ரசிகன் ஆன நேரத்துல அவர் ஜெயிக்கிற ஆளே இல்லை.

ஒரு லீவுல இந்தக் கதையைத் தாத்தாகிட்ட புலம்பினேன். வெத்தலையை மடிச்சுக்கிட்டே சொன்னார்: "உன் ஆளு பரவாயில்லடா. எங்க ஆளைக் கேளு."

அவங்க ஆள் எம்.கே. தியாகராஜ பாகவதர்.

இப்போ ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ல. அரியலூர் கடைசியா பிரிஞ்சது 2007-ல. அதுக்கு முன்னாடி ரெண்டுமே திருச்சி ஜில்லா. மாயவரத்துல பிறந்து திருச்சியில வளர்ந்த பாகவதர், எங்க தாத்தா தலைமுறைக்கு 'நம்ம ஜில்லாக்காரர்'.

1934-ல பவளக்கொடி. 1937-ல சிந்தாமணி, அம்பிகாபதி. 1941-ல அசோக்குமார். 1943-ல சிவகவி. பாபநாசம் சிவன் பாட்டு, பாகவதர் குரல். அவர் மாதிரி தலைமுடியை வளர்த்து விட்டுக்கிறதுக்கு 'பாகவதர் கிராப்'னே பேரு. 1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் வந்துச்சு, அவரோட ஒன்பதாவது படம். சென்னை பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பார்த்த படம் அது.

அந்த முதல் தீபாவளி முடிஞ்சு ஒரு மாசம்கூட ஆகல. லட்சுமிகாந்தன்னு ஒரு பத்திரிகைக்காரர். 'சினிமா தூது'ங்கிற பத்திரிகையில நடிகர்களோட அந்தரங்கத்தை எழுதுவார். பணம் கொடுத்தா எழுத மாட்டார்னு பேச்சு. பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு மூணு பேரும் கவர்னர்கிட்ட மனு கொடுத்து அதை நிறுத்த வச்சாங்க. அவர் 'இந்து நேசன்'ல தொடர்ந்து எழுதினார். 1944 நவம்பர் 8, வேப்பேரியில ரிக்‌ஷாவுல போய்க்கிட்டிருந்தப்ப அவரைக் கத்தியால குத்தினாங்க. மறுநாள் ஆஸ்பத்திரியில செத்துப்போனார். டிசம்பர்ல, சதி செஞ்சதா அந்த மூணு பேரும் கைது.

1945 மே மாசம் தீர்ப்பு. நாயுடு விடுதலை. பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட் அப்பீல் தோத்துச்சு. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், வழக்கு திரும்ப சென்னைக்கே வந்து, 1947 ஏப்ரல்ல ரெண்டு பேரும் குற்றமற்றவங்கன்னு விடுதலை ஆனாங்க. ரெண்டு வருஷத்துக்கும் மேல உள்ளே.

இதுல எனக்குப் புரியாத இடம் ஒண்ணு இருக்கு. அவர் ஜெயில்ல இருந்தப்பவும் ஹரிதாஸ் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. அதுவும் என்ன கதை? தாசி மோகத்துல எல்லாத்தையும் இழந்து, திருந்தி வர்ற ஒருத்தன் கதை. தாத்தா 12 வயசுல அதை டென்ட் கொட்டகையில பார்த்திருக்கார். திரையில பாகவதர் பாட, பக்கத்துல பொம்பளைங்க அழுதாங்களாம். ஜெயில்ல இருந்த ஆளை ஜனங்க கைவிடல. வெளியே வந்த ஆளைத்தான் கைவிட்டாங்க.

1948-ல ராஜமுக்தி. பாகவதரே தயாரிச்சது, புனாவுல எடுத்தது. வசனம் எழுதப் போன புதுமைப்பித்தன் காசநோய் முத்தி, படம் வர்றதுக்கு முன்னாடியே இறந்துட்டார். படமும் ஓடல. அப்புறம் அமரகவி, சியாமளா, அவரே டைரக்ட் பண்ணின புது வாழ்வு, எதுவும் தூக்கல. சர்க்கரை வியாதி, பார்வைக் கோளாறு. 1959 நவம்பர் 1-ல காலமானார், ஐம்பது வயசை ஒட்டி. கடைசிப் படம் சிவகாமி அடுத்த வருஷம்தான் வந்துச்சு. கேசுக்கு முன்னாடி ஒன்பது படம், பின்னாடி அஞ்சு.

"கேஸ்தான் அவரை அழிச்சுது"ன்னு எல்லாரும் சொல்வாங்க. எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. சர்வர் விழுந்தா, கடைசியா எதை மாத்தினோமோ அதுதான் காரணம்னு சொல்லிடுவோம். பாதி நேரம் அது தப்பா இருக்கும். சரிபார்க்க, அதே மாற்றம் நடந்த இன்னொரு மெஷினைப் பார்க்கணும்.

இங்கே அந்த இன்னொரு மெஷின் என்.எஸ். கிருஷ்ணன். அதே கேஸ், அதே தண்டனை, அதே விடுதலை. ஆனா 1949-ல அண்ணா எழுதின நல்லதம்பியில நடிச்சார், 1951-ல மணமகள் டைரக்ட் பண்ணி ஜெயிச்சார். அப்போ கேஸ் மட்டும் காரணமா இருக்க முடியாது.

மாறினது சினிமா. 1948-ல பிரம்மாண்டமா சந்திரலேகா. 1949-ல வேலைக்காரி. 1952-ல பராசக்தி. ஜனங்க பாட்டுக்காக இல்லாம வசனத்துக்காகக் கொட்டகைக்குப் போக ஆரம்பிச்சாங்க. பின்னணிப் பாட்டு வந்த பிறகு, பாடத் தெரிஞ்சவர்தான் ஹீரோங்கிற கட்டாயமும் போச்சு. பாகவதர் பாணியில பாடி உள்ளே வந்த டி.எம். சௌந்தரராஜன், வேற முகங்களுக்குப் பாடினார். கிருஷ்ணனோட கிண்டலும் சீர்திருத்தமும் புதுக் காலத்துக்குப் பொருந்துச்சு. ராஜா வேஷமும் பக்திப் பாட்டும் பொருந்தல. எல்லாம் மாறின அந்த ரெண்டு சொச்சம் வருஷமும் பாகவதர் உள்ளே இருந்தார். கேஸ் அவர்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டது அந்த நேரத்தை.

இதெல்லாம் நான் பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. தாத்தா அன்னிக்குச் சொன்னது வேற. ராஜமுக்தி பார்க்க அரியலூர்ல ரயிலேறித் திருச்சி போயிருக்கார். வீட்டுல 'படம் நல்லா இருக்கு'ன்னு பொய் சொல்லியிருக்கார். "அமரகவி நம்ம பக்கம் வந்தப்ப நான் போகலடா. பராசக்தி மட்டும் மூணு தடவை பார்த்தேன். அவரு செத்த சேதி வந்தப்ப, போயிருக்கலாம்னு தோணுச்சு. அவரு ஒண்ணும் மாறல. நான்தான் போகல."

தாத்தா 2018-ல தவறிட்டார். அடுத்த ஏப்ரல்ல, அமெரிக்காவுல அகஸ்டா மைதானத்துல டைகர் வுட்ஸ் தன்னோட 15-வது மேஜரை ஜெயிச்சார். நான் பார்க்கல. 'இவர் எங்கே ஜெயிக்கப் போறார்'னு தூங்கிட்டேன். மறுநாள் காலையில பஸ்ல போன்ல செய்தியைப் பார்த்தப்ப, முதல்ல சொல்லணும்னு தோணின ஆள் தாத்தாதான்.

உங்க வீட்டுலயும் பெரியவங்க இருந்தா, அவங்க பார்க்காம விட்ட பாகவதர் படம் எதுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.